குடலைக் கழுவினால் என்ன கிடைக்கும்?

வாசகர் கேள்விகளும் குடல்நோய் மருத்துவரின் பதில்களும்

சென்ற மாதம் மலச்சிக்கல் குறித்து இப்பகுதியில் எழுதியபின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘குடல் சுத்திகரிப்பு’ பற்றியே கேட்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். வழக்கம்போல் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பகுதியில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு நலவாழ்வு மையத்தில் குழாய் வழியாகத் தண்ணீர் செலுத்திப் பெருங்குடலைக் கழுவுகிறார்கள். ஆறு சிட்டிங் சேர்ந்தது ஒரு பேக்கேஜ். பல வருடங்களாகக் குடலில் ஒட்டிக் கிடக்கும் ஐந்து கிலோ பழைய கழிவு வெளியேறிவிடும் என்று சொல்கிறார்கள். என் தங்கை போய் வந்தாள். ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ குறைந்து, உடம்பு பஞ்சுபோல் ஆகிவிட்டது என்கிறாள். எனக்கு வயது 46. சில மாதங்களாக வயிற்று உப்புசமும் மலச்சிக்கலும் இருக்கின்றன. நானும் போகலாமா? போனால் என்ன எதிர்பார்க்கலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: போக வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் ‘என்ன எதிர்பார்க்கலாம்’ என்றும் கேட்டிருப்பதால், அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன்.

உங்களை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு குழாயை ஆசனவாய் வழியாகச் சில அங்குலம் உள்ளே செலுத்துவார்கள். வெதுவெதுப்பான நீர் ஒரு வழியாக உள்ளே போகும். நீரும் மலமும் கலந்து மற்றொரு வழியாக வெளியே வரும். அடிவயிறு கனத்து, முறுக்கிப் பிடித்து, உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டும்போல் தோன்றும். உதவியாளர் வயிற்றைத் தடவிக் கொடுத்தபடியே நீரை விட்டு விட்டுச் செலுத்துவார். முக்கால் மணி நேரத்துக்குள் இது பல தடவை நடந்துவிடும். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரே அமர்வில் மொத்தம் 60 லிட்டர் வரை நீரைச் செலுத்தும் இடங்களும் உண்டு. வெளியேறும் குழாயின் நடுவே, விளக்கு வைத்த கண்ணாடித் துண்டு ஒன்றைப் பல இடங்களில் பொருத்தியிருப்பார்கள். படுத்திருப்பவரின் கண் அதைவிட்டு அகலாது. பழுப்பு நிறத் திப்பியும், வெள்ளை வெள்ளையாகச் சளி இழைகளும், முந்தைய நாள் சாப்பிட்ட தக்காளியின் தோலும், கீரைத் தண்டின் நாரும் அதன் வழியே மிதந்து போகும்போது, ‘இத்தனையுமா என் வயிற்றுக்குள் இருந்தது!’ என்ற மலைப்பு யாருக்கும் வரும். என்னைக் கேட்டால், இந்தச் சிகிச்சையின் பாதிச் செல்வாக்கு அந்தக் கண்ணாடித் துண்டில்தான் இருக்கிறது.

அதில் தெரிவது பழைய கழிவு அன்று; நேற்றும் முந்தாநாளும் சாப்பிட்ட உணவின் மிச்சம். பெருங்குடலின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். சிறுகுடலிலிருந்து நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் நீர்த்த கூழ் அதற்குள் வந்து சேர்கிறது. அதிலிருந்து நீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொண்டு, எஞ்சியதை மலமாகத் திரட்டி, பெரும்பாலும் ஓரிரு நாட்களில் வெளியேற்றிவிடுகிறது. அந்த மலத்திலும் முக்கால் பங்கு நீர். மிச்சத்தில் கணிசமான பகுதி கிருமிகளே. வெள்ளை இழைகளாகத் தெரிந்த சளியோ, மலம் வழுக்கிக்கொண்டு செல்வதற்காகக் குடல் தானே சுரப்பது. ஆக, கழிவு என்று காட்டப்பட்டதில் ஒரு பகுதி குடலின் சொந்தப் பூச்சு.

நாள்தோறும் பெருங்குடலுக்குள் கேமராவைச் செலுத்திப் பார்ப்பவன் நான். கீழுதட்டைப் பிதுக்கிக் கண்ணாடியில் பார்த்தால் உட்புறம் எப்படித் தெரியுமோ, அப்படித்தான் பெருங்குடலின் உட்சுவரும் இருக்கும்: இளஞ்சிவப்பாக, ஈரமாக, பளபளவென்று. ஐந்து கிலோ அடையை எந்தக் குடலிலும் நான் கண்டதில்லை, காணவும் முடியாது. ஏனெனில் அந்த உட்சுவரின் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றன. சுவரே உதிர்ந்து புதுப்பிக்கப்படும் இடத்தில் பத்து வருடத்துக் கறை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

தங்கையின் எடை குறைந்தது உண்மைதான். அன்று வெளியேறிய மலமும் அதனோடு போன நீரும் தராசில் தெரிந்திருக்கின்றன. கொழுப்பில் ஒரு கிராம்கூடக் குறைந்திராது. உணவின் சத்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது, அங்கே இந்தக் குழாயின் நீர் எட்டுவதில்லை. இரண்டு வேளைச் சாப்பாட்டில் பழைய எடை திரும்பிவிடும்.

‘உடம்பு பஞ்சுபோல் ஆகிவிட்டது’ என்பதையும் நான் மறுக்கவில்லை. அதற்குச் சொல்லப்படும் விளக்கம்தான் தவறு. மலம் தங்கினால் அதன் நச்சு இரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் கெடுக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மருத்துவர்களே நம்பினார்கள். லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுக்கும் அளவுக்கு அந்த நம்பிக்கை முற்றியது. 1919இல் வால்டர் ஆல்வாரெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார்: மலம் கழித்த சில நிமிடங்களிலேயே தலைக்கனமும் மந்தமும் நீங்கிவிடுகின்றனவே, இரத்தத்தில் கலந்த நச்சு அவ்வளவு விரைவாகவா இறங்கும்? மலக்குடல் நிரம்பி விரிவதால் நரம்புகளின் வழியே ஏற்படும் உணர்வுதான் அது என்றார். நன்றாக இருந்தவர்களின் மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்தபோது அதே தலைவலியும் சோர்வும் வந்ததையும், பஞ்சை எடுத்ததும் அவை போய்விட்டதையும் பின்னர் சோதித்தே பார்த்துவிட்டார்கள். காலையில் வயிறு ஒழுங்காகப் போனால் உங்களுக்குக் கிடைக்கும் லேசான உணர்வும் தங்கை பணம் கட்டிப் பெற்ற உணர்வும் ஒன்றே.

இனி ஆபத்துகள். பெருங்குடலின் தொழிலே நீரை உறிஞ்சுவதுதான் என்பதால், அவ்வளவு நீரைச் செலுத்தும்போது ஒரு பகுதி உடலுக்குள் போய் இரத்தத்தின் சோடியத்தை நீர்க்கச் செய்துவிடலாம். இதய நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் இது உயிருக்கே உலையாகும். குழாய் பட்டுக் குடலில் ஓட்டை விழுந்து, அவசர அறுவை சிகிச்சை வரை போனவர்கள் உண்டு. கருவியைச் சரியாகத் தூய்மை செய்யாவிட்டால் ஒருவர் குடலின் கிருமி அடுத்தவருக்குப் போகும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1978 முதல் 1980 வரை ஒரே நிலையத்தில் இப்படிக் குடல் கழுவிக்கொண்டவர்களில் குறைந்தது 36 பேருக்கு அமீபா சீதபேதி தொற்றியது. அவர்களில் பத்துப் பேருக்குப் பெருங்குடலை அகற்ற வேண்டி வந்தது. அந்தப் பத்துப் பேரிலும் பலர் பிழைக்கவில்லை. இக்கருவிகளை, கேமரா செலுத்திப் பார்க்கும் அகநோக்கிச் சோதனைக்கு முன் குடலைத் தயார்செய்வது போன்ற மருத்துவத் தேவைகளுக்கு மட்டுமே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஏற்கிறது. ‘உடல்நலத்துக்காக’ என்று பொதுவாகக் கழுவுவதற்கு அன்று. (தண்டுவடம் அடிபட்டு, மலம் கழிக்கும் கட்டுப்பாட்டை இழந்தவர்களுக்கு மருத்துவர் கற்றுத்தரும் நீர்க்கழுவல் முறை ஒன்று உண்டு. அது வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

உங்களுக்கு நான் சொல்வது இது. 46 வயதில் சில மாதங்களாக உப்புசமும் மலச்சிக்கலும் புதிதாக வந்திருந்தால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். தைராய்டு, இரத்தச் சர்க்கரை, கால்சியம் ஆகிய பரிசோதனைகளும், ஒருமுறை வயிற்று ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள். பெண்களுக்கு விடாத உப்புசம் சில நேரங்களில் சினைப்பையிலிருந்தும் வரும். இரும்புச்சத்து மாத்திரையோ சில வகை வலி மாத்திரைகளோ சாப்பிடுகிறீர்களா என்பதையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். இத்தனைக்கும் சேர்த்து ஆகும் செலவு ஆறு சிட்டிங்கைவிடக் குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் பாட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் விளக்கெண்ணெய் கொடுப்பார். முன்னோர்கள் காரணமில்லாமலா செய்திருப்பார்கள்? பேதிக்குக் கொடுக்கும் வழக்கத்தை இன்றைய மருத்துவர்கள் கேலி செய்வது சரியா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நான் கேலி செய்யமாட்டேன், வரிசையில் உட்கார்ந்து குடித்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கியதும் வாயில் சர்க்கரையை அள்ளிப் போடுவார்கள். பத்து மணிக்குள் கொல்லைப்புறத்துக்கு நாலைந்து நடை. மதியம் குழைந்த சோறும் பூண்டு ரசமும். பேதி நிற்காவிட்டால் மோர். அந்த ரசத்தின் ருசி வேறு எந்த நாளிலும் வந்ததில்லை.

காரணம் இல்லாமல் செய்யவில்லை. செருப்பில்லாத கால்களும் திறந்தவெளிக் கழிப்பிடங்களும் இருந்த காலத்தில் கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும் பிள்ளைகள் பலரின் வயிற்றில் குடியிருந்தன. அவற்றை வெளியேற்ற அன்று வீட்டில் கைக்கெட்டியது பேதி மருந்துதான். இன்று 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பிப்ரவரி 10ஆம் தேதி, தேசியக் குடற்புழு நீக்க நாளில், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்கு அதை இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. ‘ஆறு மாதம்’ என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தாலும், சித்த மருத்துவ மரபு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொல்வது வாந்திக்கு. பேதிக்கு அது சொல்லும் கணக்கு நான்கு மாதம். அதுவும் ஆளின் உடல்வாகு பார்த்து, பத்தியத்தோடு, வைத்தியரின் கண்பார்வையில் கொடுக்கப்பட்டது. கடையில் பாட்டில் வாங்கிக் கண்ணளவில் ஊற்றிக் குடிப்பதற்கு அந்த மரபைத் துணைக்கு அழைக்க முடியாது.

விளக்கெண்ணெய் குடலுக்குள் ரிசினோலிக் அமிலமாகப் பிரிந்து குடல் தசைகளை முடுக்குகிறது. நச்சை மட்டும் தேடிப் பிடித்து வெளியே தள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவர் எப்போதோ ஒருமுறை குடித்தால் பெரிய கேடு வராது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், மூப்படைந்தவர்கள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுவோர் தொடவே கூடாது. காரணம் தெரியாத வயிற்றுவலிக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் பேதி மருந்து கொடுத்துவிடாதீர்கள். அது குடல்வால் அழற்சியாக இருந்தால், பேதி மருந்து குடல்வாலை வெடிக்கச் செய்துவிடக்கூடும். அந்தக் காலத்தில் ‘வயிற்றுவலி வந்து இரண்டு நாளில் போய்விட்டான்’ என்று சொல்லப்பட்ட சாவுகளில் சில இப்படித்தான் நேர்ந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

கேள்வி: குடல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று 12 வருடங்களாகத் தினமும் இரவில் நிலாவாரைப் பொடி சாப்பிடுகிறேன். மூலிகைதானே என்று நினைத்தேன். சமீபத்தில் செய்த கொலோனோஸ்கோபி அறிக்கையில் ‘மெலனோசிஸ் கோலை’ என்று இருக்கிறது. குடல் கறுத்திருப்பதாகச் சொன்னார்கள். இது புற்றுநோயின் தொடக்கமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: புற்றுநோய் அன்று, நிம்மதியாக இருங்கள். உங்கள் பகுதிச் செம்மண்ணில் விளைந்து, ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரிலேயே உலகச் சந்தைக்குப் போகும் இலை அது. அதிலுள்ள ஆந்த்ராகுவினோன் என்ற வேதிப்பொருள் பெருங்குடலின் செல்களை அளவுக்கு முன்பே மடியச் செய்கிறது. மடிந்த செல்களின் எச்சம் சுவருக்குள் கரும்பழுப்பு நிறமியாகப் படிகிறது. கேமராவில் பார்த்தால் முதலைத் தோலைப்போல் கட்டம் கட்டமாகத் தெரியும். பொடியை நிறுத்தினால் சில மாதங்களில், சிலருக்கு ஒரு வருடத்தில், நிறம் மாறிவிடும். என் மேசைக்கு வந்தவர்களில் கறுத்த குடலோடு வந்தவர்கள் பெரும்பாலும், குடலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறை மிகுந்தவர்களே.

இரண்டு நாள் மலச்சிக்கலுக்கு நிலாவாரை நல்ல மருந்துதான். நானே எழுதிக் கொடுப்பதுண்டு. 12 வருடம் என்பதுதான் பிரச்சினை. சட்டென்று நிறுத்தினால் வயிறு அடைத்துக்கொண்டு, மறுபடி டப்பாவைத் திறக்கத் தோன்றும். ஆகவே ஒரு மாத காலத்தில் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே, இரவில் இரண்டு தேக்கரண்டி இசப்கோலைப் பெரிய டம்ளர் நீரில் கலந்து, கெட்டியாகும் முன் குடித்துவிடுங்கள். காலையில் காப்பி குடித்த கால் மணி நேரத்தில், வந்தாலும் வராவிட்டாலும், கழிப்பறையில் போய் உட்காருங்கள். வயிற்றில் ஏதேனும் விழுந்ததும் பெருங்குடல் அசைந்து கொடுப்பது இயற்கையான அனிச்சைச் செயல், அதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மேல்நாட்டுக் கழிப்பறையானால் காலடியில் ஒரு முக்காலியைப் போட்டு முழங்கால்களை உயர்த்திக்கொள்ளுங்கள். கொய்யா, கீரை, கொள்ளு, தீட்டாத தானியம் என்று எப்படியாவது நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து போக வேண்டும். தினமும் போயே ஆக வேண்டும் என்ற கவலையையும் விட்டுவிடுங்கள். நாளுக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாமே இயல்புதான்.

கேள்வி: வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு தேக்கரண்டி கல்லுப்பு கலந்து குடித்தால் குடல் முழுவதும் சுத்தமாகும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்கு 58 வயது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன்.
– வாசகர், வேலூர்

பதில்: அந்த ஒரு லிட்டரில் ஏறத்தாழ 10 கிராம் உப்பு இருக்கும். ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பேதியாவது உண்மை, ஆனால் எவ்வளவு வெளியேறும், எவ்வளவு இரத்தத்தில் சேரும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உங்கள் அழுத்தம் ஏறலாம். பேதி மிகுந்தால் திடீரென்று இறங்கவும் செய்யலாம். சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பாடு இல்லாமல் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தால் தாழ்சர்க்கரை மயக்கம் வேறு. யோகாசனப் பயிற்சியிலும் உப்பு நீர் குடித்துச் செய்யும் முறை ஒன்று உண்டென்றாலும், அதை ஆசிரியரின் எதிரில்தான் செய்யவேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். உங்களுக்கு அது வேண்டாம்.

கேள்வி: புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துவரும் என் அத்தைக்குக் காப்பி எனிமா கொடுத்தால் கல்லீரலின் நச்சு நீங்கும் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார்.
– வாசகி, மதுரை

பதில்: மாக்ஸ் கெர்சன் என்ற ஜெர்மானிய மருத்துவர் கடந்த நூற்றாண்டில் பரப்பிய முறை இது. புற்றுநோயை இது குறைக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. சூடான காப்பியால் மலக்குடல் வெந்துபோனதும், உப்புச்சத்து குலைந்து உயிரிழந்ததும் மருத்துவப் பதிவுகளில் உண்டு. கீமோவால் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் ஆசனவாயில் சிறு கீறல் விழுந்தாலும் கிருமி இரத்தத்தில் ஏறிவிடும். அத்தைக்கு எந்த எனிமாவும், மலச்சிக்கலுக்கானதுகூட, அவருடைய மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. உறவினரைச் சமாளிப்பது சிரமம் என்றால், மருத்துவர் மறுத்துவிட்டார் என்று பழியை எங்கள்மேல் போடுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் எனக்குக் கொலோனோஸ்கோபி. முந்தைய நாள் குடிக்கச் சொல்லி ஒரு பொடி பாக்கெட் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவர்களும் குடலைக் கழுவத்தானே செய்கிறீர்கள்? அப்படியானால் அதையே ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் என்ன?
– வாசகர், சென்னை

பதில்: நியாயமான கேள்வி. படம் எடுப்பதற்கு முன் சுவரைத் துடைப்பது போன்றது இது. படம் எடுக்கப் போவதில்லை என்றால் துடைப்பதற்குத் தேவையும் இல்லை. பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் பாலிஎத்திலின் கிளைக்கால். இது உறிஞ்சப்படாமல் நீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொண்டு கீழிறங்கும். உப்புகளும் சரியான அளவில் சேர்க்கப்பட்டிருப்பதால் இரத்தத்தின் உப்புச் சமநிலை பெரிதாகக் குலைவதில்லை. முன்பு அதிகம் கொடுக்கப்பட்ட சோடியம் பாஸ்பேட் கரைசல் சிலருடைய சிறுநீரகத்தைக் கெடுத்ததால், 2008இல் அமெரிக்காவில் அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தார்கள். பெருங்குடலில் வாழும் நல்ல கிருமிகளும் இந்தக் கழுவலில் பெருமளவு அடித்துச் செல்லப்பட்டு, திரும்பத் தழைக்கச் சில வாரங்கள் ஆகின்றன. நார்ச்சத்தை நொதிக்கச் செய்து, குடற்சுவரின் செல்களுக்கே உணவூட்டுபவை அவை. ஒரு சோதனைக்காக அந்த விலையைக் கொடுக்கலாம், சும்மா கொடுப்பானேன்?

குடிக்கும் விதத்தையும் சொல்கிறேன். இரண்டு நாள் முன்பிருந்தே கீரை, தக்காளி, கொய்யா போன்ற விதையும் நாரும் உள்ளவற்றை நிறுத்திவிட்டு இட்லி, வெள்ளைச் சோறு, தயிர் என்று இருங்கள். கரைசலைக் குளிரவைத்தால் குமட்டல் குறையும். கால் மணிக்கு ஒரு டம்ளர் போதும். அவசரப்பட்டால் வாந்தியில் போய்விடும். முதல் அழைப்பு வர ஒரு மணி நேரம் ஆகலாம். அதற்குப் பிறகு வீட்டுக் கழிப்பறை உங்களுக்கு மட்டுமே என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கடைசியில் வருவது சிறுநீரைப்போல் மஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுபவரானால், எதை என்று நிறுத்துவது என்பதை இன்றே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று மாதமாக மலத்தோடு அவ்வப்போது இரத்தம் வருகிறது. சூட்டினால் வந்த மூலமாக இருக்கும் என்று நானே முடிவு செய்து, உணவைக் குறைத்தேன். ஏழு கிலோ இளைத்தும் விட்டேன். குடலைக் கழுவினால் சூடு தணியும் என்று ஒரு நிலையத்தில் சொன்னதால் முன்பணம் கட்டியிருக்கிறேன். போகலாமா, பணத்தைத் திரும்பக் கேட்பதா? வயது 52.
– வாசகர், தர்மபுரி

பதில்: போகாதீர்கள். மூலமாகவே இருக்கலாம், ஆனால் 52 வயதில் இரத்தமும் எடைக் குறைவும் சேர்ந்து வந்தால், உள்ளே பார்க்காமல் மூலம் என்று சொல்ல எனக்கும் உரிமை இல்லை. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் சிறு கட்டியாகத் தொடங்கிப் பல வருடங்கள் எடுத்துக்கொண்டு வளர்கிறது. அந்த நிலையில் பிடித்தால் குணமாக்கிவிட முடியும். இரத்தம் கசியும் புண்ணோ கட்டியோ இருக்கும் குடலில் குழாயைச் செலுத்தி நீரை ஏற்றுவது, நான் முன்பு சொன்ன ஆபத்துகளைப் பல மடங்காக்கும். இந்த வாரமே அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குடல்நோய்ப் பிரிவுக்கோ அறுவை சிகிச்சைப் பிரிவுக்கோ போய், இரத்தம் வருவதையும் ஏழு கிலோ குறைந்ததையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். முன்பணம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால், அதற்காக இன்னொரு நாள் அங்கே போய் நிற்க வேண்டாம்.